கைக்கு அளவான துவக்கு

பரமநாதனோடு வாழ்ந்த காலத்தில் சுஜானி சமையலறைக் கத்திகளை அரிசிக்குள் புதைத்து வைப்பாள். அவன் ஓட்டுகிற பஸ் எப்போது டிப்போவுக்குத் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னமே வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் வெட்டி முடித்து, கத்திகளைக் கழுவித் துடைத்து, அரிசி வாளிக்குள் பிடி தெரியாமல் இறக்கிவிடுவாள். எல்லா வீடுகளிலும் கத்தி அரிசிக்குள்தான் இருக்கும் என்று மகள் தர்மிகா நினைத்திருந்தாள். சின்ன வயதில் ஒருநாள் சிநேகிதி வீட்டில் அப்பிள் வெட்டக் கத்தி வேண்டியிருந்தபோது, நேரே போய் அவர்களுடைய அரிசி டப்பாவுக்குள் கையை விட்டாள். அந்தத் தாய் இதைச் சிரித்துச் சிரித்துச் சுஜானியிடம் சொன்னாள். சுஜானியும் சிரித்தாள்.

உண்மையில் அவன் கத்தியை எடுத்தது ஒரேயொரு முறைதான். மேசை விரிப்பை நீளமாகக் கீறிவிட்டு வைத்துவிட்டான். மற்றதெல்லாம் கையால். அடித்து முடிந்ததும் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பான். "நல்லாய் இருக்கிறியே?" என்று கேட்பான். அந்தக் குரலில் அப்போது உண்மையான கவலை இருக்கும். ஓம் என்று அவள் சொல்லும்வரை எழும்பமாட்டான்.

தர்மிகா பெரிய வகுப்புக்குப் போகிற வயதில் சுஜானி அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் பெண்கள் பாதுகாப்பு இல்லம், பிறகு ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் நாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. விவாகரத்தும் கிடைத்தது. அவன் கிட்டவரக் கூடாது என்று ஒரு தடையுத்தரவும் இருந்தது. அவன் பக்கத்து நகரமான திராமனுக்குப் போய்விட்டான். தடையுத்தரவின் காலம் முடிந்த பிறகு, வசந்தத்தில் ஐஸ் கரைந்து தெருவெல்லாம் சரளைக் கல்லாகக் கிடந்த நாட்களில், ரெயின் நிலையத்துப் படியடியில் அவன் மறுபடி நிற்கத் தொடங்கினான். எதுவும் செய்யவில்லை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றான். அவள் வேலை முடிந்து இறங்கி வரும்போது, "நல்லாய் இருக்கிறியே?" என்று கேட்டான்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாகச் சுஜானி நொர்வேஜிய மொழியில் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு மென்மையான வசனமாக மாறிவிடுகிறது என்று அவளுக்குக் கேட்டது. அதற்குள் ஐஸும் துவாயும் இருப்பதை எந்தப் பாஷையில் சொல்வது? அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். மிரட்டல் ஏதாவது வந்தால் உடனே வரச் சொன்னாள்.

அன்றிலிருந்து சுஜானி ஒரு நிலையம் முன்னுக்கு இறங்கி நடந்து வரத் தொடங்கினாள். நடக்கும்போதுதான் துவக்கு என்ற எண்ணம் வந்தது. சின்னதாக, கைப்பைக்குள் தெரியாமல் கிடக்கக்கூடியதாக, தன் சம்பளத்துக்கு எட்டக்கூடியதாக ஒரு கைத்துப்பாக்கி. அதைக் கொண்டு சுடுவதாக அவள் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அது பைக்குள் இருக்கிறது, தான் படியால் இறங்குகிறேன், அவன் கேட்கிறான், தான் நின்று அவனை நேராகப் பார்க்கிறேன். அதோடு அந்த எண்ணம் முடிந்துவிடும்.

தர்மிகாதான் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்னாள். இந்த நாட்டில் தன்னைக் காப்பதற்கென்று ஒருவருக்கும் துவக்குக் கொடுக்கமாட்டார்கள். வேட்டைக்கு, இல்லாவிட்டால் விளையாட்டுக்கு. விளையாட்டுக்கென்றால் ஒரு கழகத்தில் சேர்ந்து, பாதுகாப்புப் பாடம் படித்து, மாதக்கணக்கில் ஒழுங்காகப் போய்ப் பழகிக் காட்ட வேண்டும். பிறகுதான் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

"அம்மா, நீங்கள் உண்மையாய் ஏன் துவக்கு வேண்டப் போறியள்?"

"சுடத்தான்."

"ஆரை?"

"கடதாசியை."

தர்மிகா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதை அவள் மிகச் சின்ன வயதிலேயே பழகியிருந்தாள்.

சுஜானி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். காலையில் கஞ்சி, பிறகு உருளைக்கிழங்கு தோலுரித்தல், மீனுக்கு வெள்ளைச் சோஸ் கிண்டுதல். கூட வேலை செய்த ஒருத்தியின் கணவர் சுடும் கழகமொன்றில் இருந்தார். பாடசாலை ஒன்றின் கீழே, முன்னொரு காலத்தில் குண்டு விழுந்தால் ஒளிப்பதற்கென்று கட்டிய நிலவறையில் அந்தக் கழகம் இருந்தது. குண்டுக்கு ஒளிக்கும் இடம் என்று கேட்டதும் சுஜானிக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு குழி இருந்தது. மழை பெய்தால் தவளை நிற்கும்.

பழக்குபவள் தூரில் என்கிற நொர்வேஜியப் பெண். பகலில் பல் வைத்தியரிடம் உதவியாளராக இருப்பவள். முதலாம் நாளே ஏன் வந்தாய் என்று கேட்டாள். சுஜானி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதிலைச் சொன்னாள். ஏதாவது ஒரு விளையாட்டுப் பழக விருப்பம், ஓடுவதற்கு முழங்கால் விடாது. தூரில் தலையாட்டினாள். பல்லுக்குள் வலி இருக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்கச் சொல்லாமல் காத்திருப்பவளைப் போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

முதல் மாதம் முழுக்கச் சத்தத்தோடுதான் போராட்டம். காது மூடி போட்டிருந்தும் பக்கத்தில் யாராவது சுட்டால் சுஜானியின் தோள் தானாக உயரும், கழுத்து உள்ளே போகும். அது ஷெல்லடிக்குக் குனிந்த கழுத்தா, பரமநாதனுக்குக் குனிந்த கழுத்தா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தூரில் பின்னால் வந்து இரண்டு தோளிலும் கையை வைத்து மெல்லக் கீழே அழுத்துவாள். கால்களை அகட்டு. மூச்சில் பாதியை விடு, மீதியைப் பிடி. விரலை இழுக்காதே, அழுத்து. எப்போது வெடிக்கும் என்று நீயே எதிர்பார்க்காதே.

அந்தக் கடைசி வார்த்தை சுஜானிக்குள் எங்கேயோ போய் நின்றது. எப்போது வெடிக்கும் என்று எதிர்பார்த்தபடிதானே அவள் இத்தனை வருடம் சமைத்தாள், பிள்ளைக்குத் தலை இழுத்தாள், பக்கத்தில் படுத்தாள். எதிர்பார்க்காமல் நிற்பது என்றொன்று இருக்கிறது என்று இப்போதுதான் ஒருவர் சொல்கிறார். கோடை முடிவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் சுட்ட கடதாசியைத் தூரில் இழுத்து எடுத்துக் காட்டினாள். ஓட்டைகள் எல்லாம் ஓர் இடியப்பத் தட்டின் அளவுக்குள் நெருங்கியிருந்தன. தன் கழுத்து உள்ளே போகவில்லை என்பதைச் சுஜானி அப்போதுதான் கவனித்தாள்.

சொந்தமாக ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற காலம் வந்ததும் தூரில் அவளையும் தர்மிகாவையும் கடைக்குக் கூட்டிப் போனாள். சுஜானி கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போய், இருந்தவற்றுக்குள் ஆகச் சின்னதைக் காட்டினாள். இதுவும் விலை குறைவுதானே என்று கேட்டாள். என்னுடைய கை சின்னது, நான் புதிது, சின்னதுதான் எனக்குச் சரி என்றாள்.

தூரில் அதை எடுத்து அவள் கையில் வைத்தாள். சின்ன விரல் பிடிக்க இடமில்லாமல் கீழே தொங்கியது. சின்னது இலகு என்றுதான் புதிதாக வருகிற எல்லாரும் நினைக்கிறார்கள் என்றாள் தூரில். பாரம் குறைந்தால் உதை கூடும். குழல் கட்டையானால் குறி பிசகும். பிடி போதாவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் கைக்குள் புரளும். புதிதாகப் பழகும் ஒருத்திக்கு வேண்டியது கொஞ்சம் பாரமான, பிடி நிறைந்த, சின்னக் குண்டு போடுகிற ஒன்று. சன்னமும் அதற்குத்தான் மலிவு. பிறகு குரலைத் தாழ்த்தி, சின்னது கொண்டு திரிவதற்கு வசதி, சுடப் பழக வசதியில்லை, எங்கள் கழகத்தில் கொண்டு திரிகிற தேவை ஒருவருக்கும் இல்லை என்றாள்.

சுஜானிக்கு முகம் கொதித்தது. இவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பெட்டிக்குள் திருப்பி வைக்கும்போது அந்தச் சின்னத் துவக்கு ஒரு விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தது. அதைவிட, இத்தனை நாளும் தான் வளர்த்த அந்த எண்ணம் - படி, பை, நேரான பார்வை - அதுவும் அப்படித்தான் தெரிந்தது. அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். வெட்கம் தீர்ந்ததும், யோசிக்காமலே, அப்படியென்றால் சுடப் பழகுவதற்கு ஏற்றது எது என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பொய் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

கடைசியில் கடையில் வாங்கவில்லை. கண் பார்வை குறைந்துபோன கழகத்துக்காரர் ஒருவர் தன்னுடையதைப் பாதி விலைக்குத் தந்தார். அனுமதி கைக்கு வந்ததும் தூரில் அதன் மரப்பிடியைக் கழற்றி, சுஜானியின் உள்ளங்கையில் மை பூசிப் பிடிக்க வைத்து, மை பட்ட மேடுகளை அரத்தால் ராவி, மண்கடதாசியால் தேய்த்தாள். வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. முடிந்தபோது அந்தப் பிடி அவளுடைய கைக்கென்றே வார்த்ததுபோல இருந்தது. சுஜானி அதை வைத்திருந்தபடி யோசித்தாள். கூறைச் சேலையின் பிளவுஸ்கூட அக்கா தன் அளவுக்குத் தைத்து அனுப்பியதுதான். தொளதொளத்த இடமெல்லாம் ஊசி குத்தித்தான் சுஜானி மணவறையில் இருந்தாள்.

அக்கா ராசமலர் முதலில் இந்த நாட்டின் வடகோடிக் கடற்கரையில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்தவள். மீன் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று கொட் மீனைச் சீவிச் சீவி, அந்தக் காசில் தங்கையை எடுப்பித்து, பரமநாதனைப் பேசிக் கட்டிக் கொடுத்தவள். இப்போது ஒஸ்லோவில் இருக்கிறாள். விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது. அந்தக் கலியாணம் பிழையாய்ப் போனதைத் தன் கைப்பிழையாக எடுத்துக்கொண்டவள்.

கத்தரிக்காய்ப் பால்கறியும் புட்டும் கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படுக்கையறைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கியிருந்த இரும்பு அலுமாரியைக் கண்டாள்.

"உதென்ன, பிணப்பெட்டியை நிமித்தி வைச்ச மாதிரி?"

"துவக்கு வைக்கிற அலுமாரி அக்கா. சட்டப்படி வைக்க வேணும்."

ராசமலர் கட்டிலில் இருந்துவிட்டாள். "துவக்குக்குப் பயந்துதான் நாங்கள் இந்தக் குளிருக்குள்ளை வந்து கிடக்கிறம். நீ காசு குடுத்து வேண்டி வைச்சிருக்கிறாய். உனக்கென்ன விசரே?"

"நான் துவக்குக்குப் பயந்து வரேல்லை. நீங்கள் கலியாணம் பேசி வந்தனான்."

"ஓம், இனி அதையும் சொல்லிக் காட்டு. அந்தக் காசுக்கு ஒரு சங்கிலி வேண்டிப் போட்டிருக்கலாம், நாலு சனத்துக்கு முன்னாலை கழுத்தாவது நிறைஞ்சிருக்கும்." பிறகு அலுமாரியை மறுபடி பார்த்தாள். "உது பரமனுக்குத் தெரியுமே?"

"அவருக்கு ஏன் தெரிய வேணும்?"

"மனுசன் திருந்திப்போச்சுது சுஜா. குடியும் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலிலை காணுறன். உன்னைத்தான் விசாரிக்கிறார், நல்லாய் இருக்கிறாவோ எண்டு."

சுஜானி எழும்பிப் புட்டைச் சூடாக்கப் போனாள்.

நவராத்திரி வந்தபோது மரங்கள் எல்லாம் மஞ்சளாகி, பாதி கொட்டி, நடைபாதையில் வழுக்கிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் நாள் சரசுவதி பூசைக்குச் சுஜானி ஒவ்வொரு வருடமும் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து மகளின் புத்தகங்களை வைப்பாள். தர்மிகா இந்த வருடம் பல்கலைக்கழகத்துப் புத்தகம் இரண்டும் மடிக்கணினியும் கொண்டு வந்து வைத்தாள். சுஜானி தன் பங்குக்கு வேலைத்தலத்துக் கத்தியை வைத்தாள். எப்போதும் அதோடு முடிந்துவிடும்.

கடலை அவித்து இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது அவளுக்கு ஏதோ குறைவதுபோல இருந்தது. இந்த வருடம் நான் என்ன படித்தேன் என்று தன்னைத்தானே கேட்டாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தரமாக ஒன்றைப் படித்திருக்கிறேன். ஒருத்தி சொல்லித் தந்திருக்கிறாள். அதைப் பூசைக்கு வைக்காமல் வேறு எதை வைப்பது? அலுமாரியைத் திறந்தாள். சன்னம் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தாள். சன்னப் பெட்டியை உள்ளேயே வைத்துப் பூட்டினாள். துவக்கைக் கொண்டு வந்து கத்திக்குப் பக்கத்தில் வைத்து, மரப்பிடியில் சந்தனப் பொட்டு வைத்தாள்.

"அம்மா, இது சரியோ?" என்றாள் தர்மிகா.

"பூசைக்குத்தானே பிள்ளை."

ராசமலரும் வந்தாள். துவக்கைக் கண்டு வாயில் கை வைத்தாள். ஆனால் சாமிக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. தேவாரம் பாடினாள், கடலை சாப்பிட்டாள், கைத்தொலைபேசியை எடுத்து எல்லாரும் செய்வதுபோலப் பூசை வைத்த இடத்தைப் படம் எடுத்தாள். பூசைக்கு வைத்ததை அன்று யாரும் தொடுவதில்லை. அடுத்த நாள் விசயதசமி காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பது. புத்தகம் வைத்த இரவு படிக்கத் தேவையில்லை என்பது ஊரிலும் இங்கேயும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோசம். சுஜானியும் தொடவில்லை. காலையில் குளித்து, விளக்கேற்றி, துவக்கை எடுத்துப் பொட்டைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சில நாள் கழித்துப் பொலிஸ்காரர் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வந்தார்கள். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார்கள். இளையவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். சரசுவதி, வெள்ளைத் துணி, புத்தகம், மடிக்கணினி, கத்தி, துவக்கு. திராமனில் இருக்கும் ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறார். விவாகரத்தான மனைவி ஆயுதம் வைத்திருக்கிறார், அதைச் சாமிக்கு வைத்து நேர்ந்திருக்கிறார், எனக்கு உயிர்ப் பயமாக இருக்கிறது என்று.

பயமாம். அந்த வார்த்தையை அவன் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் போலச் சுஜானிக்கு இருந்தது.

மூத்தவள் மரியாதையாகவே பேசினாள். அவர் சொன்னதை அப்படியே நம்பி வரவில்லை என்றாள். இது சமய வழக்கம் என்பது விளங்குகிறது. தனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். படம் எடுத்த பிறகு துவக்கை உடனே அலுமாரிக்குள் வைத்தீர்களா?

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றாள் தர்மிகா தமிழில், கண்ணை நிலத்திலிருந்து எடுக்காமல்.

சுஜானிக்கு அது விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எத்தனையோ ஓம் சொன்ன வாய்தான் அது. ஐஸ் சுற்றிய துவாயைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஓம்கள். ஆனால் இது பூசைக்கு வைத்தது. அதைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. இல்லை, அடுத்த நாள் காலையில்தான் என்றாள். பூசைக்கு வைத்ததை இரவில் எடுப்பதில்லை என்று விளக்கினாள். விளக்க விளக்க அந்தப் பெண்ணின் முகம் வருத்தமாக மாறிக்கொண்டு போனது.

ஓர் இரவு முழுக்கப் பூட்டாமல் வெளியே. விதி அவ்வளவுதான். அனுமதி நிறுத்தப்படுகிறது, விசாரணை முடியும்வரை ஆயுதம் தங்களிடம் இருக்கும், திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றாள். இளையவன் கையுறை போட்டு எடுத்துப் பைக்குள் வைத்தான். அவனுடைய பெரிய கைக்கு அந்தப் பிடி கொஞ்சமும் பொருந்தவில்லை.

தூரிலுக்குத் தர்மிகாதான் சொன்னாள். தூரில், அலுமாரி எதற்கென்று அத்தனை தரம் சொன்னேனே என்று மட்டும் கேட்டாளாம். கோபமாக இல்லையாம். அதுதான் கூட வலித்தது.

அக்காவைச் சுஜானியே தொலைபேசியில் அழைத்தாள்.

"நான் ஆருக்கும் அனுப்பேல்லை சுஜா. எங்கடை குடும்ப குறூப்பிலை போட்டனான். சாமிப் படந்தானே."

"அதிலை அவர் இருக்கிறாரே?"

"இருக்கிறார்."

"விவாகரத்தாகி இவ்வளவு காலமாச்சு. என்னெண்டு அக்கா அவர் இன்னும் அதிலை இருக்கிறார்?"

"ஒரு மனுசனை என்னெண்டு நீக்கிறது? மரியாதையில்லை."

அந்தக் குழுவிலிருந்து சுஜானி தானாக விலகி நெடுங்காலம். தன்னை அதில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை அவள் இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். அக்கா தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தாள். நடந்தது நடந்துபோச்சு, ஒருவிதத்தில் நல்லதுக்குத்தான் என்றாள். சனிக்கிழமை பின்னேரம் தானும் தன் கணவரும் பரமனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். இருந்து ஆறுதலாகக் கதைக்கலாமாம்.

"வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். இனியென்ன, வீட்டிலை துவக்கும் இல்லை. அவருக்கும் பயமில்லை, உனக்கும் பயமில்லை."

"கதவு திறக்கமாட்டன் அக்கா."

"அந்த மனுசனைப் படியிலை நிக்க வைச்சு எங்களை அவமானப்படுத்தாதை," என்றுவிட்டு ராசமலர் தொலைபேசியை வைத்தாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து பெய்தது. சுஜானி பின்னேரச் சமையலை மத்தியானமே தொடங்கினாள். லீக்ஸ் வெட்டினாள், மீன் துண்டு போட்டாள், எல்லாவற்றையும் வெட்டி முடித்தாள். கத்திகளைக் கழுவித் துடைத்தாள். கை தானாக அரிசி டப்பாவின் மூடியைத் திறந்தபோதுதான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள். இரண்டு பேருக்கு வாங்குகிற அரிசி. டப்பாவும் சின்னது. கத்தியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அவள் கத்திகளைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். இரும்பு அலுமாரியைத் திறந்தாள். உள்ளே கறுப்புப் பஞ்சில் துவக்கு கிடந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. சந்தனம் ஒரு துளி காய்ந்து ஒட்டியிருந்தது. கத்திகளை அந்தப் பள்ளத்தின் மேலேயே அடுக்கினாள். கதவைச் சாத்திப் பூட்டைத் திருப்பினாள். நல்ல பூட்டு. அரிசியைவிட எவ்வளவோ நல்லது.

திரும்பியபோது தர்மிகா வாசலில் நின்றாள். கையில் பாதி உரித்த உள்ளிப்பூடு.

"அம்மா, கத்தி எங்கை?"

கேட்டுவிட்டு அவள் அலுமாரியைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள், சின்ன வயதில் சிநேகிதி வீட்டில் அரிசிக்குள் நீட்டியதுபோலவே. சுஜானி சாவியை அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். கீழே வாசல் மணி அடித்தது.